பேடுக்குள் ஈரம் எங்கே போகிறது? ஸ்கேன் படம் எடுத்துச் சோதிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஒரு நாப்கின் எத்தனை கிராம் உறிஞ்சும் என்பதைத் தராசே சொல்லிவிடும். அந்த ஈரம் நடுவிலேயே தேங்கியதா, நீளவாக்கில் பரவியதா, ஓரத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் முன்னால் நின்றது என்பதைத் தராசு சொல்லாது. கத்தரிக்கோலால் வெட்டிப் பார்க்கலாம் என்று பலர் தொடங்குகிறார்கள். வெட்டும் அழுத்தத்திலேயே ஈரம் இடம் மாறிவிடும். அதனால் பார்க்க வந்தது கலைந்து, வெட்டியதால் உண்டானதைத்தான் பார்ப்போம். பேடைத் தொடாமல் உள்ளே பார்க்க ஸ்கேன்தான் வழி.

பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, வாளையாறு, கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் நாப்கின் தயாரிக்கும் மகளிர் குழுக்கள், அவர்களோடு சேர்ந்து ஆய்வு செய்யும் டெக்ஸ்டைல், பயோமெடிக்கல் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். கோவையில் சிட்ராவின் (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) மருத்துவத் துணி மையம் பக்கத்திலேயே இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் இரண்டு பக்கமும் ஸ்கேன் சென்டர்களும் இருக்கின்றன. குறைவது முறை மட்டும்தான்.

முறையின் அடிப்படை ஒன்றுதான். படம் சொல்லும் கணக்கும் தராசு சொல்லும் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். 15 கிராம் ஊற்றிய பேடில் படம் 11 கிராம்தான் காட்டினால், அந்தப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒத்துப்போதலுக்காகத்தான்.

எந்தக் கருவி எதற்கு

பேடை மட்டும் சோதிப்பதாக இருந்தால், எக்ஸ்ரேயால் படம் எடுக்கும் சி.டி. ஸ்கேன் போதும். சில நொடிகளில் படம் முடிந்துவிடும். ஈரம் நகர்ந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது நிமிடம், பத்தாவது நிமிடம் என்று அடுத்தடுத்து எடுக்கலாம். அதன் எண்களை நேரடியாக கிராமாக மாற்றவும் முடியும்.

எம்.ஆர்.ஐ. நீரையும் எண்ணெய், கொழுப்பையும்தான் பளிச்சென்று காட்டும். உலர்ந்த பஞ்சும் பிளாஸ்டிக்கும் அதில் கறுப்புதான். உடலுக்குள் இருக்கும் டாம்பான், மென்சுரல் கப் ஆகியவற்றைப் பார்க்க இதுவே ஏற்றது, ஏனென்றால் இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. ஆனால் ஒரு தொடர் (ஒரே அமைப்பில் எடுக்கும் படங்களின் வரிசை) முடிய நிமிடக்கணக்கில் ஆகும். ஊற்றிய உடனே பேடை உள்ளே வைத்தால், ஓடுகிற ஈரம் கலங்கிய படமாக வரும். ஊற்றி 20 நிமிடம் பொறுத்து எடுங்கள்.

அல்ட்ராசவுண்டு உலர்ந்த பேடுக்கு உதவாது. பஞ்சுக்குள் இருக்கும் காற்றே ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும். கப் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க மட்டும் அது உதவும்.

பேடைத் தயார் செய்தல்

ஒவ்வொரு ரகத்திலும் மூன்று பாக்கெட் வாங்கி, பாக்கெட்டுக்கு ஐந்தாக 15 பேடு எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மூன்று பாக்கெட்டும் வெவ்வேறு தேதியில் தயாரானவையாக இருக்கட்டும். கையால் அச்சில் அழுத்தும் யூனிட்டுகளில் காலையில் அழுத்தியதும் மாலையில் அழுத்தியதும் ஒன்றாக இருக்காது. பேடின் அடியில் எண் மட்டும் எழுதுங்கள். எந்த எண் எந்த ரகம் என்ற பட்டியல் படம் பார்ப்பவர் கையில் இருக்கக்கூடாது. தங்கள் குழுவின் பேடு என்று தெரிந்துவிட்டால், யாராக இருந்தாலும் கண் கொஞ்சம் தாராளமாகிவிடும்.

அடுத்து ஈரப்பதம். இந்திய ஜவுளிச் சோதனைகளில் 27 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும்தான் வழக்கம். அந்த நிலையில் 24 மணி நேரம் வைத்த பிறகே எடை போடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும்போது, திறந்து வைத்த பேடு சும்மா இருந்தபடியே கால் கிராமுக்கு மேல் ஏறிவிடும். மரக்கூழும் பருத்தியும் காற்றிலிருந்தே ஈரம் வாங்கும் பொருள்கள். அந்தக் கால் கிராமை யாரும் ஊற்றவில்லை. ஆனாலும் கணக்கில் புகுந்துவிடும். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அறை இல்லாவிட்டால், எல்லாப் பேடையும் ஒரே நாளில், ஒரே அறையில் வைத்துச் சோதியுங்கள். அன்றைய ஈரப்பதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தராசு 0.01 கிராம் காட்டுவதாக இருக்க வேண்டும். சமையலறைத் தராசு இதற்கு ஆகாது.

எதை ஊற்றுவது

முதல் முறை செய்பவர்கள் உப்புநீரிலேயே தொடங்குங்கள். 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு 9 கிராம் உப்பு, கண்ணுக்குத் தெரிய ஒரு சிட்டிகை உணவுச் சாயம். குழாய் நீர் வேண்டாம். நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் ஊருக்கு ஊர் மாறும். அதற்கேற்ப பேடிலுள்ள ஜெல் தூளின் (ஈரம் பட்டதும் உப்பி ஜெல்லாகும் தூள்) உறிஞ்சும் அளவும் மாறும். சுத்த நீரில் அந்தத் தூள் தன் எடையைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும். உப்புநீரில் அது 30 முதல் 50 மடங்காக இறங்கிவிடும். இரத்தத்தில் இன்னும் குறையும், ஏனென்றால் புரதமும் அணுக்களும் தூளின் மேற்பரப்பை அடைத்துவிடுகின்றன. விளம்பரத்தில் நீல நீரைக் குடம் குடமாகக் குடிக்கும் பேடு வீட்டில் ஏன் கசிகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

மாதவிடாய்ப் போக்கு வெறும் இரத்தம் அல்ல. சளிப் பொருளும் கருப்பைச் சுவரின் துணுக்குகளும் கலந்தது. நீரைவிடக் கெட்டியானது. அடுத்த கட்டத்தில் உப்புநீரோடு கிளிசரினும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸும் கலந்து கெட்டித்தன்மையைக் கூட்டலாம். ஆட்டு இரத்தத்துக்கு கடைசியில் போகலாம். நாப்கினுக்கான ஐ.எஸ். 5405 இந்தியத் தரம் 1980 பதிப்பிலேயே சாயநீர் அல்லது உறையாமல் ஆக்சலேட் சேர்த்த ஆட்டு இரத்தம் என்று இரண்டையும் அனுமதித்தது. நிமிடத்துக்கு 15 மில்லி வீதம் 30 மில்லி ஊற்றி, 1 கிலோ எடையை ஒரு நிமிடம் வைத்து, அடியிலும் ஓரத்திலும் கசிகிறதா என்று பார்ப்பது அதன் முறை. அந்தத் தரம் 2019இல் திருத்தப்பட்டது. சான்றிதழுக்காகச் செய்கிறீர்கள் என்றால் புதிய பதிப்பை வாங்கி அதன் அளவுகளையே பின்பற்றுங்கள்.

ஆக்சலேட் நச்சுப் பொருள். கையுறை கட்டாயம். இரத்தத்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து அன்றே பயன்படுத்திவிட வேண்டும். நனைந்த பேடுகள் மருத்துவக் கழிவு. 2016 விதிகளின்படி மஞ்சள் பையில்தான் போக வேண்டும். ஸ்கேன் சென்டரின் குப்பைத் தொட்டியில் சொல்லாமல் போட்டுவிட்டு வந்தால் இரண்டாம் முறை உங்களை உள்ளே விடமாட்டார்கள்.

சி.டி.யில் படிப்படியாக

மூடியுள்ள மெல்லிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள். இனிப்புக் கடையில் தரும் டப்பாவே போதும், உலோகக் கிளிப் மட்டும் இருக்கக்கூடாது. கருவிக்குள் ஒரு துளியும் சிந்தாமல் காப்பது இந்த டப்பாதான். டப்பாவுக்கு அடியில் 10 செ.மீ. உயரத் தெர்மோகோல் கட்டை வையுங்கள். சி.டி. கண்ணுக்குத் தெர்மோகோல் ஏறக்குறைய காற்று. பேடை நேராக மேசைமேல் வைத்தால் மேசையின் நிழல் பேடின் அடி ஷீட்டோடு கலந்துவிடும். கசிவு தெரிய வேண்டிய இடமே அதுதான்.

பேடைத் தட்டையாக வைப்பதா, வளைத்து வைப்பதா? முதல் சுற்றுக்குத் தட்டை போதும். அணிந்த பேடு படகு மாதிரி வளைந்து, தொடைகளுக்கிடையே நசுங்கித்தான் இருக்கும். அதனால் இரண்டாம் சுற்றில் தெர்மோகோலைக் குடைந்து ஒரு தொட்டில் செய்து அதில் பதியுங்கள். தட்டையில் தேறிய பேடு தொட்டிலில் நடுவில் மடிந்து, அந்த மடிப்பே வாய்க்காலாகி ஓரத்துக்கு ஈரத்தைக் கொண்டுபோவதைப் பார்ப்பீர்கள்.

முதலில் உலர்ந்த பேடை அதே டப்பாவில், அதே இடத்தில் வைத்து ஒரு படம். இதை விட்டுவிட்டால் பின்னால் கழிப்பதற்கு எதுவும் இருக்காது. அமைப்புகளில் டெக்னீஷியனிடம் கேட்க வேண்டியவை: மின்னழுத்தம் 100 அல்லது 120 கிலோவோல்ட், சீவல் கனம் 1 மில்லிமீட்டருக்குள், படத்தை மீட்டெடுக்கும் ஃபில்டர் மென்மையானது. எலும்புக்கு வைக்கும் கூர்மையான ஃபில்டர் விளிம்புகளைச் செயற்கையாகத் தூக்கிக் காட்டும், எண்கள் கெட்டுவிடும். எல்லாப் பேடுக்கும் எந்த அமைப்பும் மாறக்கூடாது. டப்பாவுக்குள் ஆள் இல்லை என்பதால் கதிர் அளவை நினைத்துப் படத்தின் தரத்தைக் குறைக்க வேண்டியதில்லை.

இனி ஊற்றுதல். டப்பாவை வெளியே எடுக்காமல், மேசையை மட்டும் வெளியே இழுத்து, 5 மில்லியை 20 நொடியில் நடுவில் விடுங்கள். அதாவது நிமிடத்துக்கு 15 மில்லி வேகம். சிரிஞ்சோடு குழாய் மாட்டியிருந்தால் குழாயை முன்கூட்டியே திரவத்தால் நிரப்பிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதல் ஒன்றிரண்டு மில்லி குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். ஊற்றுவதற்கு முன்பும் பின்பும் சிரிஞ்சை எடை போட்டு, உண்மையில் எத்தனை கிராம் போனது என்று எழுதுங்கள். சிரிஞ்சின் கோட்டை நம்ப வேண்டாம்.

2 நிமிடத்தில் ஒரு படம், 10 நிமிடத்தில் ஒரு படம். பிறகு அடுத்த 5 மில்லி. இப்படி மூன்று முறை. கடைசியில் 1 கிலோ எடை வைத்து ஒரு படம்.

எடைக்கு இரும்புக் கல்லோ பித்தளையோ வைத்தால் சி.டி. படம் முழுக்கக் கோடு கோடாகக் கிழிந்துவிடும். எம்.ஆர்.ஐ.யில் இரும்பு வைத்தால் உயிருக்கே ஆபத்து. அக்ரிலிக் பலகைகளை ஒட்டி 20 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரத்தில் ஒரு கட்டை செய்துகொண்டால் அது கிட்டத்தட்ட 1 கிலோ வரும். சி.டி.க்கும் எம்.ஆர்.ஐ.க்கும் அதே கட்டை ஆகும். அவசரத்துக்கு எம்.ஆர்.ஐ.யில் மட்டும் 1 கிலோ உப்புப் பாக்கெட் வைக்கலாம். உலர்ந்த உப்பு அதில் தெரியாது. சி.டி.யில் உப்பு வேண்டாம், எலும்பு போல் வெளுத்துப் படத்தைக் கெடுக்கும். மணல் மூட்டை இரண்டுக்கும் ஆகாது, அதில் இரும்புத் துகள் இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் பேடை உடனே மறுபடி எடை போடுங்கள். ஸ்கேன் அறையின் ஏ.சி. குளிரும் உலர்வும் சேர்ந்து, மூடி திறந்திருந்தால் ஈரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். உடம்புச் சூட்டை ஒத்த 37 டிகிரித் திரவம் பிளாஸ்க்கில் இருந்தாலும், பேடில் விழுந்ததும் ஆறிவிடும். ஆறினால் கெட்டியாகி மெல்ல ஓடும். கெட்டித் திரவத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதனால் அறையின் வெப்பத்தையும் குறித்து வையுங்கள்.

படத்திலிருந்து கிராமுக்கு

சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. காற்றுக்கு மைனஸ் 1000, நீருக்கு 0. இதை ஹவுன்ஸ்ஃபீல்டு எண் என்பார்கள். உலர்ந்த பேடு பெரும்பாலும் காற்று என்பதால் மைனஸ் 900ஐ ஒட்டி இருக்கும். ஒரு புள்ளி மைனஸ் 900இலிருந்து மைனஸ் 400க்கு வந்தால், 500 ஏறியிருக்கிறது. அந்த இடத்தின் கன அளவில் பாதியை நீர் பிடித்துக்கொண்டது என்று பொருள்.

முழுப் பேடுக்கும் இதே கணக்குதான். பேடும் அதைச் சுற்றிக் கொஞ்சம் காற்றும் அடங்க ஒரு கட்டம் போடுங்கள். ஈரம் ஏறியதும் பேடு உப்பும், அதற்கும் இடம் விட்டுப் போடுங்கள். கட்டம் 60 மில்லி கன அளவு என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்தபோது சராசரி மைனஸ் 930, நனைந்த பிறகு மைனஸ் 685. வித்தியாசம் 245. அதை 1000ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் 14.7 மில்லி. சிரிஞ்ச் எடை 15.1 கிராம் என்று சொன்னால் வித்தியாசம் 3 சதவீதம்தான். 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

குறைவாக வந்தால் எங்கே தேடுவது? கருவி மைனஸ் 1024க்குக் கீழே போகும் எண்களை வெட்டிவிடும். அதனால் காற்றின் சராசரி இருப்பதைவிடக் கொஞ்சம் மேலே தெரியும். உலர்ந்த படத்தில் காற்று அதிகம், அங்கே இந்தப் பிழையும் அதிகம், வித்தியாசம் சுருங்கிவிடும். கட்டத்தை அளவுக்கு மீறிப் பெரிதாகப் போட்டாலும் இதே கதைதான். ஃபில்டர் மாறிப்போனது, டப்பா இடம் மாறியது, டப்பாவின் அடியில் கசிந்த நீர் கட்டத்துக்கு வெளியே நின்றது ஆகியவற்றையும் பாருங்கள்.

இதற்கெல்லாம் ஃபிலிமோ, வாட்ஸ்அப்பில் வரும் படமோ உதவாது. ஸ்கேன் கருவி எண்களோடு சேமிக்கும் டைகாம் கோப்புகளாக, குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் வெளுப்பும் கறுப்பும் மட்டும்தான் இருக்கும், எண்கள் இருக்காது. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஒரு நாள் முழுக்கச் செலவழித்துச் சோதித்துவிட்டு ஃபிலிம் உறையோடு திரும்பி வருவார்கள். டைகாம் கோப்பைத் திறக்க த்ரீடி ஸ்லைசர், இமேஜ்ஜே இரண்டும் இலவசம். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும்.

முதலில் ஊற்றியது எங்கே, இரண்டாவதாக ஊற்றியது எங்கே என்று பிரித்துப் பார்க்க ஆசை வரும். இரண்டாவது ஊற்றில் மட்டும் 100 மில்லிக்கு 3 மில்லி வீதம் அயனிகள் இல்லாத அயோடின் கான்ட்ராஸ்ட் மருந்து (படத்தில் வெளுத்துத் தெரியும் மருந்து) சேர்த்து, அதே பேடை 80 கிலோவோல்ட்டிலும் 120 கிலோவோல்ட்டிலும் எடுங்கள். நீரின் எண் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அயோடின் மட்டும் 80இல் தூக்கலாக ஏறும். அயனி வகைக் கான்ட்ராஸ்ட் வேண்டாம், அது உப்பைப் போலவே ஜெல் தூளின் உறிஞ்சலைக் குறைத்துவிடும்.

படத்தில் எதைத் தேடுவது

உலர்ந்த படத்திலேயே பாதி விஷயம் கிடைத்துவிடும். கோவை முருகானந்தம் வடிவமைத்தது போன்ற சிறு எந்திரங்களில், உதிர்த்த பஞ்சை அச்சில் போட்டு அழுத்துகிறார்கள். ஒரு பக்கம் பஞ்சு கூடி, ஒரு பக்கம் குறைந்தால் கைக்குத் தெரியாது, சி.டி.க்குத் தெரியும். கட்டியான இடம் வெளுத்தும் தளர்ந்த இடம் கறுத்தும் நிற்கும். ஈரம் கட்டியான இடத்தை நோக்கித்தான் இழுபடும், நுண்துளைகள் சிறியதாக இருக்கும் பக்கம்தான் இழுவிசை அதிகம். ஓரத்தில் ஒரு கட்டி இருந்தால் அது கசிவை அழைத்து வருகிறது என்றே பொருள். அச்சில் போடும் முன் பஞ்சைக் கையால் சமமாகப் பரப்புவதும், அச்சுக்கு ஒரே எடை பஞ்சு நிறுத்துப் போடுவதும் இதைச் சரிசெய்யும். புது எந்திரம் வேண்டியதில்லை.

நனைந்த படத்தில் மூன்று அளவுகளை எழுதுங்கள்: ஈரத்தின் நீளம், அகலம், பக்க ஓரத்துக்கு மிச்சமுள்ள தூரம். நல்ல பேடில் ஈரம் நீள்வட்டமாக முன்னும் பின்னும் போகும். வட்டமாகப் பரவினால் பக்கவாட்டு ஓரத்தை விரைவில் தொட்டுவிடும்.

ஆழத்தையும் பாருங்கள். மேலே பளிச்சென்று ஒரு படலம், அதற்குக் கீழே பஞ்சு உலர்ந்தபடியே. இப்படித் தெரிந்தால் ஜெல் தூள் மேலேயே உப்பி வழியை அடைத்துவிட்டது. மூன்றாவது ஊற்று மேலேயே ஓடி ஓரத்தில் இறங்கும். பேடுக்குள் இடம் இருந்தும் கசிவு வருவது இப்படித்தான். தூளைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள், அது இன்னும் மோசமாகும். தூளைக் குறைத்து, கீழ்ப் பாதியில் பஞ்சோடு கலந்து போட்டு, மேல் ஷீட்டுக்கும் பஞ்சுக்கும் இடையே ஈரத்தை நீளவாக்கில் கடத்தும் மெல்லிய தாள் ஒன்று வைக்க வேண்டும்.

எடை வைத்த படத்தில் ஈரம் மேல் ஷீட்டுக்குத் திரும்பி வந்திருந்தால், பெண்கள் "நசநசன்னு இருக்கு" என்று சொல்லும் குறை அதுதான். உலர்ந்த ஃபில்டர் தாளை மேலே வைத்து 1 கிலோ அழுத்தி, தாள் எத்தனை கிராம் ஏறியது என்று சேர்த்தே எழுதுங்கள். மேல் ஷீட்டின் மெல்லிய ஈரத்தைச் சி.டி. சரியாகப் பிரித்துக் காட்டாது. அதைத் தாள்தான் பிடிக்கும்.

எம்.ஆர்.ஐ.யில் பேடு வைத்தால்

முழங்காலுக்கான காயிலில் (படம் எடுக்கும் இடத்தைச் சுற்றி மாட்டும் சட்டம்) பேடு நன்றாக அடங்கும். உலர்ந்த பேடு கண்ணுக்கே தெரியாது என்பதால், நான்கு மூலையிலும் மீன் எண்ணெய் மாத்திரை ஒன்றை ஒட்டுங்கள். அவை பளிச்சென்று தெரியும், ஓரம் எங்கே என்று காட்டும். ஸ்பின் எக்கோ தொடரையே கேளுங்கள். கிரேடியண்ட் எக்கோவில் பஞ்சுக்குள் இருக்கும் காற்றுக் குமிழ்கள் ஒவ்வொன்றும் பெரிய கரும் ஓட்டையாக வந்து ஈரத்தை மறைக்கும். ஜெல்லுக்குள் கட்டுண்ட நீரும், பழசாகும் இரத்தமும் வேகமாக மங்கும். அதனால் பளபளப்பை நேராக கிராமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதே திரவத்தை நான்கைந்து சிறு குழாய்களில் நிரப்பிப் பக்கத்தில் வைத்து, அவற்றோடு ஒப்பிட்டே பேசுங்கள்.

பேடில் "காந்த", "அனயான்" பட்டை இருக்கிறதா என்று வெளியிலேயே கைக்காந்தம் வைத்துப் பாருங்கள். வெள்ளி இழை இருக்கிறதா என்று பேடு, பீரியட் பேன்ட்டிகளின் லேபிளையும் படியுங்கள். வெள்ளி, செம்பு இழை காந்தத்தில் ஒட்டாது. ஆனாலும் எம்.ஆர்.ஐ.யில் சூடேறித் தோலைச் சுடும்.

பெண்கள் பங்கேற்கும் ஆய்வு

இங்கே அவசரம் கூடாது. ஆரோக்கியமான பெண்ணின் இடுப்பை பேடு சோதனைக்காகச் சி.டி. எடுப்பது தவறு. எம்.ஆர்.ஐ.யும் அல்ட்ராசவுண்டும் மட்டும்தான். ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகே ஆள் சேர்க்கத் தொடங்க வேண்டும். 18 வயது நிறைந்தவர்கள் மட்டும். பள்ளிப் பிள்ளைகள் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

அல்ட்ராசவுண்டு கருவி, பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பதிவு செய்த இடத்தில்தான் இயங்க வேண்டும். கையடக்கக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வாளையாறு தாண்டி குழுக் கூட்டத்துக்குப் போய் ஸ்கேன் செய்வது சட்டப்படி குற்றம். பங்கேற்பவர்களைப் பதிவு பெற்ற சென்டருக்கு அழைத்து வாருங்கள், போக வர வண்டிச் செலவைக் கொடுங்கள். முதலில் சிறுநீரில் கர்ப்பச் சோதனை.

சம்மதப் படிவம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் வீட்டில் தமிழ் பேசி மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். படிவத்தை நீட்டுவதோடு நிற்காமல் ஒரு பெண் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும்: "அக்கா, இது வைத்தியம் இல்லீங்க. இதுல உங்களுக்கு நேரா எந்த நன்மையும் இல்ல. பாதியில வேண்டாம்னு தோணுச்சுன்னா எந்திரிச்சுப் போயிடலாம், யாரும் ஏன்னு கேட்கமாட்டோம்." குழுத் தலைவியை வைத்துச் சம்மதம் வாங்காதீர்கள். தலைவி கேட்டால் மறுக்க முடியாமல் வருவார்கள்.

எம்.ஆர்.ஐ.க்கு வருபவர்களிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: கொண்டை ஊசி, ஊக்கு, மெட்டி, கொலுசு, ஜரிகைப் புடவை எதுவும் உள்ளே வராது. தாலிச் சங்கிலியைக் கழற்றத் தயங்குபவர்களுக்காக மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு ஒன்றை நீங்களே வைத்திருங்கள். அறை வாசலில் வைத்துக் கேட்டால் சங்கடம், முன்பே சொன்னால் இயல்பாக நடந்துவிடும். காப்பர்-டி வைத்திருந்தால் சென்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கப் ஆய்வில் அவர்களைச் சேர்க்காதீர்கள், கப்பை இழுக்கும்போது காப்பர்-டியும் இடம் பெயரலாம். உள்ளே இருந்து கவனிக்க ஒரு பெண் டெக்னீஷியனோ நர்ஸோ அவசியம்.

உடலுக்குள் சோதனைத் திரவம் எதையும் செலுத்தக்கூடாது. மாதவிடாய் நாளில் இயல்பாக வருவதை மட்டும் பார்க்கிறோம். டாம்பானை 8 மணி நேரத்துக்கு மேலும், கப்பை 12 மணி நேரத்துக்கு மேலும் வைத்திருக்கச் சொல்லாதீர்கள். வைத்த நேரம், எடுத்த நேரம், மூடிய உறையில் போட்டு எடுத்த எடை ஆகிய மூன்றையும் பதியுங்கள். உடலுக்குள் எடுத்த படத்துக்கும் தராசுதான் சாட்சி.

எம்.ஆர்.ஐ.யில் நீரை வெளுப்பாகக் காட்டும் டி-2 தொடரில், பக்கவாட்டு வெட்டும் குறுக்கு வெட்டும் போதும், 20 நிமிடத்துக்குள் முடியும். உலர்ந்த டாம்பான் கறுப்பாகத் தெரியும், உறிஞ்ச உறிஞ்ச வெளுக்கும். நடுத்தண்டு கறுப்பாகவே இருந்து ஒரு பக்கம் மட்டும் நீளமாக வெளுத்திருந்தால், போக்கு டாம்பானுக்குள் இறங்காமல் சுவரை ஒட்டி ஓடியிருக்கிறது. கப்பில் நான்கைப் பாருங்கள்: விளிம்பு முழுதாக விரிந்ததா, மடிந்து நிற்கிறதா, கருப்பை வாய் கப்புக்குள் வருகிறதா, பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறதா. 2019இல் ஆலப்புழை நகராட்சியோடு சேர்ந்து மத்திய அரசு நிறுவனமான ஹெச்.எல்.எல். 'திங்கள்' திட்டத்தில் 5,000 கப் கொடுத்ததிலிருந்து கேரளப் பக்கம் கப் பழக்கம் பரவிவருகிறது. கப் கசிகிறது என்று விட்டுவிடுபவர்களில் பலருக்கு அளவு தவறு இல்லை, விளிம்பு விரியாததுதான் குறை. இடம் தவறிய கப் சிறுநீர்க் குழாயை அழுத்தி சிறுநீரகம் வீங்கிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. அதனால் விலாவில் வலி என்று யாராவது சொன்னால், ஆய்வை நிறுத்திவிட்டு அல்ட்ராசவுண்டில் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, எம்.ஆர்.ஐ.யில் படுத்துத்தான் ஆக வேண்டும். படுத்தால் போக்கு பின்பக்கம் இறங்கும். வால்பாறையில் நாள் முழுக்க நின்று இலை பறிக்கும் பெண்ணுக்கு நேர்வது வேறு. ஆகவே அணிந்த பேடைப் படுத்த நிலையில் எடுத்த படம் இரவுப் பேடுக்கு உண்மை, பகல் பேடுக்குப் பொய். இரவுப் பேடின் பின்பகுதி எவ்வளவு நீள வேண்டும், எவ்வளவு அகல வேண்டும் என்று முடிவு செய்ய இதைவிட நல்ல படம் கிடையாது. பகல் பேடுக்கு, மேலே சொன்ன தொட்டிலை ஈரம் நடுவில் விழும்படி வைத்து சி.டி. எடுப்பதே நம்பத் தகுந்தது.

தயாரிப்பவர் கைக்கு

குழுவுக்கு 40 பக்க அறிக்கை கொடுக்காதீர்கள். ஒரே தாள்: உலர்ந்த படம் ஒன்று, 15 மில்லிக்குப் பிறகு ஒன்று, எடை வைத்த பிறகு ஒன்று. கீழே நான்கு எண்கள்: ஈரத்தின் நீளம், அகலம், ஓரத்துக்கு மிச்ச தூரம், ஃபில்டர் தாள் ஏறிய கிராம். அதற்குக் கீழே மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. பஞ்சைச் சமமாகப் பரப்புவதா, தூளைக் குறைப்பதா, ஓர அழுத்தக் கோட்டை உள்ளே தள்ளுவதா, அதில் ஒன்று மட்டும். இரண்டை ஒரே சமயத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மாற்றிய பேடு வந்ததும், அதே டப்பா, அதே தெர்மோகோல், அதே அமைப்பு, முடிந்தால் அதே டெக்னீஷியன். உலர்ந்த படத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.